வீட்டில் நெக்ரோனி: ஐஸில் கோட்டை விடுகிறவர்களுக்கு

நெக்ரோனி என்பது ஜின், கம்பாரி என்ற கசப்பான சிவப்பு மது, ஸ்வீட் வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றும் சம அளவில் கலந்த காக்டெயில். அது பற்றி வந்த கேள்விகளில் பாதி, எந்த பாட்டில் வாங்குவது என்பதுதான். கோளாறு பெரும்பாலும் பாட்டிலில் இல்லை, ஐஸில் இருக்கிறது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஜின், கம்பாரி, ஸ்வீட் வெர்மூத் மூன்றையும் 30 மில்லி வீதம் அளந்துதான் ஊற்றுகிறேன். ஆனால் முதல் மடக்கு தொண்டையைப் பிடிக்கிறது, கடைசி மடக்கு வெறும் சிவப்புத் தண்ணீர். எங்கே தப்பு?

அளவில் தப்பில்லை. சர்வதேச பார்டெண்டர் சங்கம் சொல்லும் அளவும் அதுவே. நேராகக் கிளாஸில் ஊற்றி, நாலு குட்டி ஐஸ் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிக் குடிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நெக்ரோனியில் தண்ணீரும் ஒரு சேர்மானம்தான். 90 மில்லிக்கு 20 முதல் 25 மில்லி வரை ஐஸ் கரைந்து சேர வேண்டும். அப்போதுதான் ஜின்னின் காரம் இறங்கி, கசப்பும் இனிப்பும் தனித்தனியாக நிற்காமல் ஒன்றுசேரும்.

பெரிய கிளாஸ் ஒன்றில் முக்கால்வாசி ஐஸை நிரப்புங்கள். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்கட்டும். வெளியே கிடந்து மேலே ஈரம் மினுங்கும் ஐஸ், வேலை தொடங்கும் முன்பே தண்ணீரைக் கொட்டிவிடும். மூன்றையும் ஊற்றி, நீளக் கரண்டியின் முதுகு கண்ணாடியை ஒட்டியே போகும்படி அரை நிமிடம் சுற்றுங்கள். ஐஸ் மொத்தமாகச் சுழல வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் அதை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதியில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், சுரீரென்று இருக்கும். அந்தச் சுரீர் அடங்கியதும் வடிகட்டி, வேறு கிளாஸில் ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டியின் மேல் ஊற்றுங்கள். பெரிய கட்டி மெதுவாகக் கரையும் என்பதால் கடைசி மடக்குவரை சுவை நிற்கும்.

குலுக்கலாமா என்று இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பழச்சாறு, முட்டை, கிரீம் உள்ளவற்றுக்குத்தான் குலுக்கல். நெக்ரோனியைக் குலுக்கினால் நுரைத்துக் கலங்கிப்போகும்.

பாரில் கண்ணாடி மாதிரி ஐஸ் தருகிறார்கள். நான் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்தும் நடுவில் வெள்ளைதான்.

கொதிக்க வைப்பதால் பெரிய பலன் இல்லை. ஐஸ் ட்ரேயில் ஊற்றிய தண்ணீர் எல்லாப் பக்கமும் உறைந்துகொண்டே வந்து, காற்றையும் உப்பையும் நடுவில் அடைத்துவிடுகிறது. அதுதான் அந்த வெள்ளை. ஃப்ரீசரில் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஐஸ் பெட்டி, பிக்னிக்குக்குக் கொண்டுபோவோமே, அதை எடுத்து மூடியில்லாமல் தண்ணீர் நிரப்பி வையுங்கள். பக்கங்களில் குளிர் ஏறாது. மேலிருந்து கீழாகத்தான் உறையும். அழுக்கெல்லாம் அடியில் போய்ச் சேரும். முழுதாக உறையும் முன், ஏறக்குறைய ஒரு நாளில் எடுத்துக் கவிழ்த்து, அடிப்பகுதியைத் தள்ளிவிட்டு, ரம்பப் பல் கத்தியால் கீறித் தட்டினால் பளிங்காக உடையும். அழகுக்காக மட்டும் இல்லை, காற்றுக் குமிழ் இல்லாத கட்டி சட்டென்று விரிசல் விடாது.

ஷெல்ஃபில் ஐந்து மாதமாக இருக்கும் வெர்மூத் புளிக்கிறது. விஸ்கி கெடுவதில்லை, இது ஏன்?

வெர்மூத் அடிப்படையில் ஒயின். மாசிப்பத்திரி இனத்துச் செடியும் மற்ற மூலிகைகளும் ஊறப்போட்டு, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்தது. 15 முதல் 18 சதவீதம்தான் ஆல்கஹால். திறந்த நாள் முதல் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள். கையிலிருப்பதைக் கொட்டிவிடலாம். அடுத்த முறை 375 மில்லி பாட்டில் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

ஜின்னும் கொஞ்சம், மற்ற இரண்டும் லைட். அப்படியானால் இரண்டு மூன்று குடிக்கலாம்தானே?

கணக்குப் போடுவோம். இந்தியாவில் விற்கும் ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம், 30 மில்லியில் சுத்த ஆல்கஹால் 12.8 மில்லி. கம்பாரியின் அளவு நாட்டுக்கு நாடு மாறும், 25 சதவீதம் என்று வைத்தால் 7.5. வெர்மூத் 16 என்றால் 4.8. கூட்டினால் 25 மில்லி. 60 மில்லி லார்ஜ் விஸ்கியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, மூன்று நெக்ரோனி என்பது மூன்று லார்ஜ். இனிப்பும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடுகின்றன. சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்பதுதான் இத்தாலியர் வழக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கு அந்த ஒன்றும் கிடையாது.

கம்பாரியின் சிவப்பு பூச்சியிலிருந்து வருகிறதாமே? நான் சைவம்.

வெறும் புரளி இல்லை. கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன்தான் அதன் பழைய நிறம். 2006 வாக்கில் பெரும்பாலான நாடுகளில் அதை நிறுத்திவிட்டுச் செயற்கை நிறத்துக்கு மாறினார்கள். லேபிளில் ஈ120 அல்லது கார்மைன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்த ஜின்?

ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காய் தூக்கலாக உள்ள லண்டன் ட்ரை வகை: பீஃபீட்டர், டாங்கரே போல. ரோஜா, வெள்ளரி மணக்கும் விலையுயர்ந்த ஜின்கள் கம்பாரிக்கு முன் காணாமல்போகும், வீண் செலவு. கசப்பு அதிகமாகத் தெரிந்தால் ஜின்னை 40 மில்லி ஆக்குங்கள். கம்பாரிக்குப் பதில் அதைவிடக் கசப்புக் குறைந்த அபெரோல் மதுவை ஊற்றினால் குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் அது நெக்ரோனி ஆகாது.

ஆரஞ்சுத் துண்டு எதற்கு? அலங்காரமா?

துண்டை விடுங்கள், தோல்தான் முக்கியம். மெழுகு பூசிய பழமாக இருந்தால் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைப் பகுதி அதிகம் வராமல் இரண்டு விரல் அகலத்துக்குச் சீவுங்கள். வெளித்தோல் கிளாஸைப் பார்க்கும்படி பிடித்து மடக்கினால் எண்ணெய் பீச்சும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலே மெல்லிய படலம் தெரியும். வாய் வைக்கும் முன் மூக்குக்கு வருவது அதுதான்.

நெக்ரோனி பிறந்த கதையில் வரும் பிரபு நிஜமா?

கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, 1919 வாக்கில் ஃப்ளாரன்ஸின் கஸோனி கஃபேயில், கம்பாரி, வெர்மூத், சோடா கலந்த அமெரிக்கானோ என்ற பானத்தில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னார் என்பது வழக்கமான கதை. இதை மறுப்பவர்களும் உண்டு.

ஆறு பேர் வருகிறார்கள். முன்கூட்டியே கலந்து வைக்கலாமா?

தாராளமாக. 750 மில்லி பாட்டிலில் மூன்றும் 200 மில்லி வீதம், குடிதண்ணீர் 150. தண்ணீர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதால் சுற்ற வேண்டியதில்லை. பெரிய ஐஸ் மேல் ஊற்றிக் கொடுத்தால் போதும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள், இராத்திரி முழுக்க ஃப்ரீசரில் விட்டுவிடாதீர்கள். ஜின் பாட்டில் அங்கே உறையாது. இதில் ஆல்கஹால் 22 சதவீதம்தான் என்பதால் பாகு மாதிரி கெட்டிப்பட்டுவிடும். தோலை மட்டும் விருந்தினர் வந்த பிறகு சீவுங்கள்.