மகளின் கால்பந்து அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாமும் போகத்தான் வேண்டுமா?

போங்கள். முடிந்தவரை எல்லா ஆட்டத்துக்கும் போங்கள்.

மகளுக்கு 11 வயது, சேர்ந்ததிலிருந்து அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, சனி ஞாயிறு மைதானத்திலேயே கழிகிறது, வேறு அணிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் 0-6 என்று பார்த்துவிட்டுத் திரும்புவது எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கேள்வியில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, கோல் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோச் இல்லை. பெற்றவனும் இல்லை, தாய்மாமன். அக்காவுக்கும் அத்தானுக்கும் வார இறுதியில்தான் வேலை அதிகம். அதனால் அக்கா மகளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பானது. "பெத்தவங்களுக்கு இருக்கிற கவலை உனக்கென்ன தெரியும்" என்று யாராவது கீழே எழுதலாம். இருக்கட்டும். ஒரு சீசன் முழுக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

12 வயதுக்குட்பட்டோர் பிரிவு. பக்கத்துக்கு 9 பேர், பெரியவர்களுடையதைவிடச் சற்றுச் சிறிய 4ஆம் எண் பந்து. அவள் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. கோல் போடுகிற இடம் இல்லை அது. வீட்டுக்கு வந்ததும் "எத்தனை கோல் போட்டே?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு லெஃப்ட் பேக் என்ன பதில் சொல்வாள்? அவள் ஒன்றும் சொல்லாமல் ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

அந்த அணியின் பெரிய தலைவலி கோல் கிக். எதிரணி அடித்த பந்து கோல் ஆகாமல் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனால், நம் கோல் பக்கத்திலிருந்து உதைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதுதான் அது. அந்த வயதில் பந்தை நடுக்கோடு வரை தூக்கி அடிக்க எங்கள் கோல்கீப்பருக்குக் காலில் பலம் போதாது. எவ்வளவு ஓடிவந்து அடித்தாலும் பந்து பெனால்டி ஏரியாவுக்கு, அதாவது கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கட்டத்துக்கு, சற்று வெளியே போய் விழும். எதிரணியில் மூன்று பேர் அங்கேயே காத்திருப்பார்கள். நிறுத்தினால் கோல், நிறுத்தாமல் அடித்தாலும் கோல். முதல் சில ஆட்டங்களில் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான். நம் பந்திலிருந்தே நமக்குக் கோல் விழுவதைப் பார்க்க வயிறு எரியும்.

கோச் ஒரு இளம்பெண். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் எடுத்த முடிவு, இனி கோல் கிக்கைத் தூக்கி அடிக்கப் போவதில்லை என்பது. இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கோல் கிக் பெனால்டி ஏரியாவைத் தாண்டி வெளியே போனால்தான் பந்து ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. 2019இல் அதை மாற்றினார்கள். இப்போது உதைத்த பந்து கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தாலே போதும். சொந்த அணிக்காரர் உள்ளேயே நின்று வாங்கலாம். எதிரணியினர் அதுவரை ஏரியாவுக்கு வெளியே நிற்க வேண்டும். பெரியவர்கள் ஆட்டத்தில் கோல்கீப்பர் பக்கத்திலிருப்பவருக்குச் சின்னதாகத் தட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இப்படி வந்ததுதான். எங்கள் அணியில் அந்தப் பந்தை வாங்க வேண்டியவள் என் அக்கா மகள்.

பயிற்சியில் நன்றாக வந்தது. ஆட்டத்தில் வரவில்லை. பந்து அவள் காலுக்கு வரும்போதே எதிரணிப் பெண் பாய்ந்து வருவாள். இவள் பதறி நேராக அவளுக்கே கொடுத்துவிடுவாள். கோல். வாரா வாரம் இதே கதை. எங்கள் பக்கத்துப் பெற்றோர்களுக்குப் பொறுக்கவில்லை. "தூக்கி அடி!", "வெளியே அடிச்சுவிடு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு அப்பா இடைவேளையில் நேராகக் கோச்சிடமே போய், சின்னப் பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை செய்கிறீர்களா என்று சண்டை போட்டார். கோச் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் பாதியிலும் அதே சின்ன கோல் கிக்தான்.

அந்தக் கூச்சல் என்ன செய்கிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் விளையாடும் ஓரம் நாங்கள் நிற்கும் கோட்டை ஒட்டியது. பந்து அவள் காலைத் தொடப் போகும் அந்தக் கணத்தில் யாராவது பெயர் சொல்லிக் கத்தினால், அவள் தலை சட்டென்று எங்கள் பக்கம் திரும்பும். அரை நொடிதான். திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து காலுக்கடியில் நழுவியிருக்கும். தவறு விட்டவள் என்று எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். கத்தியவரை யாரும் பார்ப்பதில்லை. ஊக்கப்படுத்தத்தானே கத்துகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. கோல் விழுந்த பிறகு "பரவால்லம்மா, அடுத்தது" என்று சொல்வது ஊக்கம். பந்து காலில் இருக்கும்போது இன்னொருவர் முடிவெடுத்துச் சொல்வது ஊக்கம் இல்லை.

சீசன் பாதி தாண்டிய பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. எப்போதாவது வந்து பார்ப்பவர்களுக்கு அது கண்ணில் படவே படாது. பந்து வருவதற்கு முன்பே அவள் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். யார் எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. அப்புறம் நேராக நின்று வாங்கியவள், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பந்து வரும் பக்கத்துக்குத் தள்ளியிருக்கும் காலால் வாங்கப் பழகினாள். அப்படி வாங்கினால் மைதானம் முழுக்கக் கண்ணெதிரே விரியும். பாய்ந்து வரும் பெண்ணை ஒரே தொடுதலில் கடந்துவிடலாம், அல்லது இறங்கி வரும் நடுக்கள ஆட்டக்காரிக்குத் தள்ளிவிடலாம்.

ஒரு ஆட்டத்தில் எல்லாம் கூடி வந்தது. கோல்கீப்பர் இவளுக்குத் தட்டினாள், இவள் நடுக்களத்துக்கு, அங்கிருந்து வலது விங்குக்கு நீளமான பாஸ், அந்தப் பெண் ஓடிப்போய் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். அன்றும் தோற்றுத்தான் போனோம். கோல் கணக்கை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்ட அத்தானுக்கு அது இன்னொரு தோல்வி. எனக்கு அந்த சீசனிலேயே சிறந்த நாள் அதுதான். முதல் ஆட்டத்திலிருந்து பார்த்ததால்தான் அந்த மூன்று பாஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"அப்போ ஜெயிப்பது முக்கியமில்லையா" என்று கேட்பீர்கள். முக்கியம்தான். ஆட்டம் ஜெயிக்கத்தான் ஆடுகிறார்கள், தோற்றால் பிள்ளைகள் அழுகிறார்கள், அதைச் சாதாரணமாக நினைக்க எனக்கும் முடியாது. கடைசிக் கட்டத்தில் சில ஆட்டங்கள் ஜெயித்தோம், பட்டியலில் கீழிருந்து இரண்டாவதாக முடித்தோம். ஆனால் இந்த வயதில் உயரமான, வேகமான இரண்டு பெண்கள் இருக்கும் அணி, பந்தைத் தூக்கி முன்னால் போட்டே நிறைய ஜெயித்துவிடும். மற்றவர்களும் வளர்ந்து உயரம் சமமானதும் அந்த வழி அடைபட்டுவிடும். பதறாமல் பந்தை வாங்கக் கற்றவளுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு விஷயம். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். வார்ம் அப் தொடங்குவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். பதின்ம வயதில் முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஃபிஃபா 11+ என்று சுமார் 20 நிமிட வார்ம் அப் ஒன்று இருக்கிறது. ஓட்டம், ஒற்றைக்காலில் நின்று சமநிலை பிடிப்பது, குதித்து முழங்கால் உள்பக்கம் மடியாமல் இறங்குவது என்று வரிசையாக வரும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களை வைத்து ஒரு சீசன் முழுக்கச் செய்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியும் குறைந்திருந்தன. உங்கள் கோச் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள். செய்கிறார் என்றால் தாமதமாக வந்து அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. எங்கள் பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நல்ல மைதானம் கிடைத்ததே அபூர்வம். பையன்கள் ஆட்டம் நீண்டுபோனால் இவர்கள் காத்திருக்க வேண்டும். நேரம் போதவில்லை என்றால் குறைப்பது இவர்கள் ஆட்டத்தைத்தான். ஓரத்திலிருக்கும் மேடுபள்ளமான மைதானம், வலை இல்லாத கோல் கம்பம், இதெல்லாம் இவர்களுக்கு. கேட்டால், "சின்னப் பொண்ணுங்கதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று பதில் வரும்.

இது இன்று நேற்று வந்ததில்லை. 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமில்லாதது என்று சொல்லி, தன் கீழுள்ள கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் தடை போட்டது. அது நீங்க ஏறத்தாழ 50 ஆண்டு ஆனது. 1991இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையில்கூட ஆட்டத்துக்கு 80 நிமிடம்தான் கொடுத்தார்கள், ஆண்களுக்கு 90. மைதானத்தைத் தராமலிருப்பதும் நேரத்தை வெட்டுவதும் அன்றைக்கு எழுத்தில் இருந்தன, இன்றைக்கு வாய்வார்த்தையில் நடக்கின்றன. எல்லைக்கோட்டுக்கு வெளியே பெரியவர்கள் நாலு பேர் நின்றால், ஆட்டத்தைச் சுருக்கச் சொல்ல கொஞ்சமாவது தயங்குகிறார்கள். இதைக் கண்ணால் பார்த்தேன். உங்களைப் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்பி வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றி நான் பேச்சைத் தொடங்குவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "மாமா, அந்த ஏழாம் நம்பர் பொண்ணு எவ்ளோ வேகம் பாத்தீங்களா? ரெண்டாவது பாதியில அவளுக்கு இடது கால் வராதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்று ஆரம்பிப்பாள். அதற்குப் பதில் சொல்ல நான் அந்த ஏழாம் நம்பரைப் பார்த்திருக்க வேண்டும். போனில் மூழ்கியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எல்லா வாரமும் வர முடியாத வேலை உங்களுடையது என்றால் உங்களைக் குறை சொல்லவில்லை. தாத்தாவோ சித்தியோ மாமாவோ யாராவது ஒருவர் தொடர்ந்து வந்தால் போதும். ஆளுக்கு ஒரு வாரம் என்று மாறிமாறி வருவதைவிட ஒரே ஆள் வருவது நல்லது.

வேறு அணிக்கு மாற்றுவதைப் பற்றி: சீசன் நடுவில் வேண்டாம். முடிந்த பிறகு, அதுவும் அவளைக் கேட்டுவிட்டு. தோற்கிறார்கள் என்பதற்காக மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் அதற்கு நியாயமான காரணங்கள் வேறு இருக்கின்றன. சிறுவர் ஆட்டங்களில், போட்டி நடத்துபவர்கள் அனுமதித்தால், வெளியே எடுத்த ஆட்டக்காரரைத் திரும்ப உள்ளே அனுப்பலாம். அந்த வசதி இருந்தும் உங்கள் மகளை வாரா வாரம் பெஞ்சிலேயே உட்காரவைத்தால், தவறு விட்ட பிள்ளையை எல்லோர் முன்னாலும் திட்டினால், வலிக்கிறது என்று சொன்ன பிறகும் ஆடவைத்தால், சீசன் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இவை நடக்கின்றனவா இல்லையா என்பது கோல் கணக்கில் தெரியாது. அடுத்த ஆட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.