பழைய லென்ஸ், மாற்று லென்ஸ், ஃபுல்-ஃபிரேம் மிரர்லெஸ்: கேட்டதும் சொன்னதும்

ஃபுல்-ஃபிரேம் மிரர்லெஸ் பாடியை (பழைய ஃபிலிம் அளவு சென்சார், உள்ளே மிரர் இல்லாத கேமரா) எப்படியோ பணம் புரட்டி வாங்கிவிடுகிறோம், அப்புறம்தான் லென்ஸ் விலையைப் பார்த்து வயிறு கலங்குகிறது. கம்பெனி லென்ஸை விட்டால் வேறு வழியே இல்லையா என்று வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் கேமரா எந்த மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்), நீங்கள் எடுப்பது ஓடுமா உட்காருமா, இந்த இரண்டையும் சொல்லாமல் "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேறு மவுண்ட் லென்ஸை மாட்ட நடுவில் அடாப்டர் போட்டால் படத்தின் தரம் குறையும் என்கிறார்களே சார், உண்மையா?

அடாப்டருக்குள் கண்ணாடி இருந்தால்தான் அந்தக் கவலை. மிரர்லெஸ்ஸுக்கு வரும் சாதாரண அடாப்டர் வெறும் உலோக வளையம். பழைய எஸ்எல்ஆரில் மிரர் மேலே எழும்ப இடம் வேண்டும், அதனால் மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் வரை நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ, கேனன் ஈஎஃப்-இல் 44, எம்42 என்ற பழைய திருகு மவுண்ட்டில் 45.46. மிரர்லெஸ்ஸில் மிரரே கிடையாது, தூரமும் சுருங்கிவிட்டது: சோனி ஈ 18, நிக்கான் ஸெட் 16, கேனன் ஆர்எஃப்பும், லைக்கா, பானசோனிக், சிக்மா பாடிகளில் இருக்கும் எல் மவுண்ட்டும் 20. விட்டுப்போன அந்த இரண்டரை சென்டிமீட்டர் சொச்சத்தை நிரப்புவதுதான் வளையத்தின் வேலை.

ஆனால் மலிவு வளையத்தில் வேறு தொல்லைகள் உண்டு. மவுண்ட்டில் ஆட்டம் இருக்கும், உள்பக்கம் பளபளவென்று இருந்தால் எதிர் வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். இன்னொன்று, இவற்றைக் கொஞ்சம் குட்டையாகவே செய்வார்கள். நீளம் கூடிப்போனால் தூரத்து மலை ஃபோகஸ் ஆகவே ஆகாது, குட்டையானால் லென்ஸில் இருக்கும் இன்ஃபினிட்டி (கண்ணுக்கெட்டாத தூரம்) குறிக்கு முன்னாலேயே ஃபோகஸ் வந்துவிடும், அவ்வளவுதான். "குறியில் வைத்தால் மங்கலாக வருகிறது, லென்ஸ் கெட்டுப்போச்சா?" என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், உங்களுக்கும் இதுவே பதில். குறியைப் பார்க்காமல் திரையைப் பாருங்கள்.

கேனன் ஆர்பி வாங்கியிருக்கிறேன். அதன் ஆர்எஃப் லென்ஸ் எதுவும் கைக்கு எட்டவில்லை. பழைய டிஎஸ்எல்ஆர் ஈஎஃப் லென்ஸ் போட்டால் ஆட்டோஃபோகஸ் மெதுவாகிவிடுமா?

ஆகாது. இந்த வரிசையில் கேள்வி அனுப்பியவர்களில் அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். கேனனின் ஈஎஃப்-ஆர்எஃப் அடாப்டரில் லென்ஸும் பாடியும் பழைய பாஷையிலேயே பேசிக்கொள்கின்றன, மொழிபெயர்ப்பு எதுவும் நடுவில் இல்லை. 1987-லிருந்து வந்த ஈஎஃப் லென்ஸ்கள் அத்தனையும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன, டிஎஸ்எல்ஆரை விட்டு எல்லோரும் வெளியேறிக்கொண்டிருப்பதால் செகண்ட் ஹேண்டில் விலையும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 50 மி.மீ எஃப்1.8 எஸ்டிஎம், 40 மி.மீ எஃப்2.8 பான்கேக், 85 மி.மீ எஃப்1.8 யுஎஸ்எம், கொஞ்சம் பணம் சேர்ந்தால் 70-200 எஃப்4 எல், இவற்றை வைத்தே ஒருவர் வருஷக்கணக்கில் வேலை பார்க்கலாம். 85 எஃப்1.8 வந்தது 1992-இல், அதற்கு இன்றைக்கும் நான் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு. 50 எஃப்1.8-ஐப் பழையதாக வாங்கி அடாப்டரும் தனியாக வாங்கினால், ஆர்எஃப் 50 எஃப்1.8 புதிதாகவே கிட்டத்தட்ட அதே விலைக்கு வந்துவிடும். அடாப்டர் காசு தேற வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஈஎஃப் லென்ஸாவது வைத்திருக்க வேண்டும்.

அண்ணா, நிக்கான் ஸெட்5-க்கு எஃப்டிஸெட் (எஃப் மவுண்ட் லென்ஸை ஸெட்டில் மாட்டும் நிக்கான்) அடாப்டர் வாங்கி என் பழைய 50 எஃப்1.8டி போட்டேன். ஃபோகஸ் நகரவே மாட்டேன் என்கிறது. அடாப்டர் பழுதா?

பழுதில்லை தம்பி. 'டி' லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, டி7000 மாதிரி பாடிக்குள் இருந்த மோட்டார்தான் திருகாணி வழியாக அதைச் சுழற்றிக்கொண்டிருந்தது. எஃப்டிஸெட்டிலும் மோட்டார் இல்லை, ஸெட் பாடியிலும் இல்லை. அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) வேலை செய்யும், மீட்டரிங் (ஒளி அளப்பது) வேலை செய்யும், ஃபோகஸ் உங்கள் விரல்தான். 2021-இல் வந்த இரண்டாம் எஃப்டிஸெட்டிலும் இதே கதை, அதில் போனது டிரைபாட் கால் மட்டும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று பெயரில் இருந்தால் ஆட்டோஃபோகஸ் வரும். உங்கள் 'டி'யைக் கொடுத்துவிட்டு ஏஎஃப்-எஸ் 50 எஃப்1.8ஜி பாருங்கள், இல்லையென்றால் ஸெட் 40 மி.மீ எஃப்2 பாருங்கள். அது அறிமுகமானபோதே முந்நூறு டாலர் லென்ஸ்தான், அடாப்டர் பாரமும் இல்லை.

சோனி ஏ7 மார்க் 3, கல்யாண வேலை. நண்பரிடம் கேனன் லென்ஸ்கள் சும்மா கிடக்கின்றன. சிக்மா எம்சி-11 அடாப்டர் வாங்கிச் சமாளிக்கலாமா?

வேண்டாம். எம்சி-11 நல்ல அடாப்டர், நிதானமான ஸ்டில்ஸுக்குப் போதும். ஆனால் அது சிக்மா தன் சொந்த லென்ஸ்களுக்காகச் செய்தது, கேனன் லென்ஸைப் போட்டால் ஒன்று நன்றாக ஓடும், இன்னொன்று தடுமாறும், வீடியோவில் தொடர் ஃபோகஸை நம்பவே முடியாது. தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருந்தால் பெண் வீட்டாரிடம் என்ன சொல்வீர்கள்?

சோனிக்காரருக்குச் சிக்கனம் அடாப்டரில் இல்லை, மாற்று கம்பெனி லென்ஸில் இருக்கிறது. சோனி தன் ஈ மவுண்ட் விவரங்களை வெளிக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டதால் இந்த மவுண்ட்டில் இருக்கும் கூட்டம் வேறெங்கும் இல்லை. டாம்ரான் 28-75 எஃப்2.8-இன் 2018 மாடல் இப்போது பழையதாகச் சகாய விலையில் கிடைக்கும், உங்கள் வேலைக்கு அதுதான் முதுகெலும்பு. கூடவே வில்ட்ராக்ஸ் 85 எஃப்1.8 அல்லது சாம்யாங் 75 எஃப்1.8. சாம்யாங் இறகு மாதிரி லேசு, வில்ட்ராக்ஸ் கையில் பிடித்தால் உருப்படியாக இருக்கும். நான் வில்ட்ராக்ஸ் பக்கம். வாங்கும்போது ஃபர்ம்வேரை (லென்ஸுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் பண்ண என்ன வழி என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்டேட் பண்ணாத மாற்று லென்ஸ் ஒரு நாள் புது பாடியில் முரண்டு பிடிக்கும்.

கேனன் ஆர்எஃப்பிலும் இதே மாற்று லென்ஸ்களை வாங்கலாமா?

அங்கே கதவு சாத்தியிருக்கிறது. ஆர்எஃப்புக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் விற்றுக்கொண்டிருந்த வில்ட்ராக்ஸை 2022-இல் கேனன் நிறுத்தச் சொன்னது. 2024-இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் அப்போது அறிவித்ததெல்லாம் ஏபிஎஸ்-சி லென்ஸ்கள், அதாவது ஃபுல்-ஃபிரேமைவிடச் சின்ன சென்சாருக்கானவை. அதனால்தான் மேலே ஆர்பிக்காரரை ஈஎஃப் பக்கம் அனுப்பினேன்.

ஹீலியோஸ் 44-2 வாங்கினேன். எல்லோருக்கும் பின்னணி சுழல்கிறது, எனக்கு மட்டும் சாதாரணமாக வருகிறது. போலியா?

போலி லென்ஸ் இல்லை, போலி பின்னணி! வெற்றுச் சுவர் முன்னால் நிறுத்தினால் எது சுழலும்? ஹீலியோஸ் 44 என்பது ஜெர்மனியின் ஸைஸ் பயோடார் 58 மி.மீ எஃப்2-வைப் பார்த்து சோவியத் யூனியனில் செய்த லென்ஸ். ஓரத்துக்குப் போகப் போக ஒளிப்பொட்டுகள் பூனைக்கண் மாதிரி நசுங்குகின்றன, ஓரத்தில் ஃபோகஸ் தளமும் வளைகிறது, இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சுழல். அது தெரிய வேண்டுமென்றால் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து எஃப்2, ஆள் இரண்டு மூன்று மீட்டரில், அவருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி இலைகளுக்கு நடுவே வெளிச்சம் ஒழுகும் மரமோ வேலியோ. ஆளை நடுவில் வையுங்கள், ஓரம் கூர்மையாக இருக்காது. எஃப்5.6-க்கு மூடினால் அது இன்னொரு சாதாரண 58 மி.மீ.

வாங்காதவர்களுக்கு: 44-2-வில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம், எந்த அடாப்டரிலும் ஓடும். பிறகு வந்த 44எம் வகைகளில் பின்பக்கம் ஒரு ஊசி இருக்கும், அதை அமுக்கிப் பிடிக்கும் விளிம்புள்ள எம்42 அடாப்டர் வாங்கவில்லையென்றால் சிலவற்றில் அப்பர்ச்சர் மூடவே மூடாது.

பழைய லென்ஸ் போட்டால் ஷட்டர் அமுங்கவில்லை.

பழைய லென்ஸ் பாடியோடு பேசாது, அதனால் லென்ஸே இல்லை என்று பாடி நினைக்கிறது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை அனுமதியுங்கள். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) இருந்தால் அப்படியே ஃபோகல் லெங்த்தையும் கையால் பதிந்துவிடுங்கள், 135 மி.மீ லென்ஸைப் போட்டுவிட்டு மெனுவில் 28 என்று கிடந்தால் சென்சார் தப்பான அளவில் நகரும், நிலையாக வராது.

மேனுவல் ஃபோகஸில் கூர்மையான ஓரங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங்கில் சிவப்பாகக் காட்டுகிறது, கம்ப்யூட்டரில் பார்த்தால் கண் ஃபோகஸில் இல்லை. எனக்குக் கை வராதா?

கை வரும். பீக்கிங் தாராள மனசுக்காரன், கான்ட்ராஸ்ட் இருக்கும் இடத்திலெல்லாம் பூசிவிடும். அளவைக் குறைவில் வையுங்கள், தோராயமாகக் கொண்டுவர மட்டும் அதைப் பயன்படுத்தி, கண்ணை மேக்னிஃபை பண்ணி முடியுங்கள். மேக்னிஃபை பொத்தானை வலது கட்டைவிரல் தொடும் இடத்தில் வைத்துக்கொண்டால் பாதி சிரமம் தீர்ந்தது. எஃப்1.4 மாதிரி லென்ஸ்களில் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு மூடினால் ஃபோகஸ் கொஞ்சம் நகரும், எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். ஓடும் குழந்தையை எடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சென்னையில் பழைய லென்ஸ் பார்க்கப் போகிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?

டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து முன்னால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. மெல்லிய பால் படலம் தெரிந்தால் ஹேஸ், அது பூஞ்சையைவிடப் படத்தைக் கெடுக்கும், கான்ட்ராஸ்ட்டை அப்படியே உறிஞ்சிவிடும். ஓரத்தில் வானவில் திட்டுகள் இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்துகொண்டிருக்கின்றன, தொடாதீர்கள். தூசு நாலு இருந்தால் கவலையே இல்லை, விற்பவர் வேண்டுமானால் அதைச் சொல்லி விலை குறைக்கட்டும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா, வளையத்தைத் திருப்பினால் சோம்பலில்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு தோல் பையில் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள், கடற்கரை ஊர் ஈரத்தில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. டிரை கேபினெட் இல்லையென்றால் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, 40-50 சதவீதத்தில் நின்றால் போதும்.

என் பழைய பென்டாக்ஸ் டாகுமார் 50 எஃப்1.4 மஞ்சளாக இருக்கிறது. கதிர்வீச்சு என்று பயமுறுத்துகிறார்கள்.

ஏழு கண்ணாடி உள்ள டாகுமார் 50 எஃப்1.4-இல் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அதன் கதிர்வீச்சினாலேயே கண்ணாடி காலப்போக்கில் மஞ்சளாகிறது. புற ஊதா விளக்கின் கீழே சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், வெயிலில் வைப்பவர்களும் உண்டு, சூட்டில் கிரீஸ் இளகும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியை உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்காதீர்கள்.

லேண்ட்ஸ்கேப்புக்குப் பழைய 24, 28 ஏதாவது சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். பழைய லென்ஸ்களில் பலவீனமான இடமே வைட் (அகலக் காட்சி லென்ஸ்)தான், நாலு மூலையும் குழைந்திருக்கும். ரேஞ்ச்ஃபைண்டர் (மிரர் இல்லாத பழைய ஃபிலிம் கேமரா) வைட் இன்னும் மோசம், சென்சார் மேல் இருக்கும் கண்ணாடித் தகட்டில் ஒளி ரொம்பச் சரிந்து விழுவதால் ஓரம் கலங்கும், சில பாடிகளில் நிறமும் மாறும். வைட்டுக்கு இன்றைய மாற்று லென்ஸே மேல். நட்சத்திரம் எடுப்பவருக்கு சாம்யாங் 14 எஃப்2.8 மேனுவல், நேர்கோடு மீசை மாதிரி வளையும், வானத்தில் அது யாருக்குத் தெரியும்? சட்டைப்பையில் போட ஒன்று வேண்டுமென்றால் வில்ட்ராக்ஸ் 28 எஃப்4.5, அறுபது கிராம், 99 டாலருக்கு அறிமுகமானது, அப்பர்ச்சர் மாற்றவே முடியாது, ஆனால் ஆட்டோஃபோகஸ் உண்டு.

சோனி லென்ஸை நிக்கான் ஸெட்டில் மாட்டலாமாமே?

ஆமாம், முதல் பதிலில் சொன்ன மவுண்ட் தூரங்களில் சோனியின் 18-க்கும் ஸெட்டின் 16-க்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மி.மீட்டரில் அடாப்டர் செய்துவிட்டார்கள், மெகாடாப் ஈடிஸெட்21 அப்படிப்பட்டது. ஆட்டோஃபோகஸும் வருகிறது. நிக்கான் புது ஃபர்ம்வேர் விட்டால் அடாப்டர்காரர் அப்டேட் விடும்வரை பொறுத்திருந்து போடுங்கள். திருப்பி, ஸெட் லென்ஸை சோனியிலோ கேனனிலோ மாட்ட முடியாது, லென்ஸ் பாடிக்குள்ளே போக வேண்டியிருக்கும்.

அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கூட வந்த 50 எஃப்2 இருக்கிறது. இதை விற்றுவிட்டு நல்லதாக வாங்கவா?

விற்றால் பெரிதாக எதுவும் கிடைக்காது, பென்டாக்ஸின் 50 மி.மீ லென்ஸ்களில் மதிப்பில்லாத பிள்ளை அது. ஆனால் எஃப்4-இல் வைத்து எடுத்துப் பாருங்கள், விலைக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால் பென்டாக்ஸ் கே-யிலிருந்து உங்கள் மவுண்ட்டுக்கு மாற்றும் சாதா வளையம் ஒன்று போதும். இனி வாங்கும் பழைய லென்ஸ்களையும் அதே கே மவுண்ட்டிலேயே வாங்குங்கள், ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் ஒரு அடாப்டர் என்று சேர்க்க ஆரம்பித்தால் மிச்சம் பிடித்த காசெல்லாம் வளையத்துக்கே போய்விடும். அடுத்ததாக ஒரு 135 எஃப்3.5 தேடுங்கள், அந்த அளவை இப்போது யாரும் சீந்துவதில்லை, அதனாலேயே மலிவு.