சாம்பலா, கிறீமா? விறாந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹோலுக்கு எது பொருந்தும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் ஹோலுக்கு ஒரே யன்னல்தான். அதுவும் விறாந்தைப் பக்கம், முற்றத்தில் மாமரம். நிலம் சிவப்புச் சீமெந்து. இளஞ்சாம்பல், கிறீம் இரண்டும் பிடித்திருக்கின்றன. எதை அடிப்பது?"

கிறீமை அடியுங்கள். ஆனால் மஞ்சள் தூக்கலான கிறீம் வேண்டாம்; துளி சாம்பல் கலந்த மங்கலான கிறீமாகப் பாருங்கள்.

சாம்பலை நான் தள்ளுவதற்குக் காரணம் உங்கள் மாமரமும் நிலமும்தான். இளஞ்சாம்பலுக்குத் தனக்கென்று அழுத்தமான நிறம் கிடையாது, பக்கத்தில் இருப்பதை வாங்கிக்கொள்ளும். இலைகளில் பட்டு வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். எதிர்ச்சுவர் பாசி பிடித்தது போலத் தெரியலாம். சிவப்பு நிலத்தைப் பார்த்த கண்ணோ அதன் எதிர்நிறத்தைச் சாம்பலில் ஏற்றிப் பார்க்கும், சுவர் நீலம் பாய்ந்ததாகப் படும். மாரியில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் இது இன்னும் மோசம். கிழக்கு யன்னலும் வெள்ளை டைல்ஸும் உள்ள வீடென்றால் சாம்பலையே சொல்லியிருப்பேன்.

கிறீமும் நிலத்தின் சிவப்பை வாங்கும். அடிப்பக்கம் லேசாகப் பீச் நிறமாகும். அதனால்தான் மஞ்சள் வேண்டாம் என்கிறேன்.

கலர் அட்டையின் பின்புறம் எல்ஆர்வி என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கான அளவு அது: கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. விறாந்தை நிழலில் இருக்கும் அறைக்கு 70க்கு மேல் எடுப்பது நல்லது.

கடையில் முடிவு செய்யாதீர்கள். சின்னப் பேணி ஒன்று வாங்கி, இரண்டடி மட்டையில் ஓரத்தில் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்த பிறகு சுவரோடு சாய்த்து வைத்துக் காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். இரவு முக்கியம்: 6500 கெல்வின் (பல்ப் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை பல்ப் கிறீமை வெளிறச் செய்யும், 2700 மஞ்சளாக்கிவிடும். 4000 அளவில் ஒன்று போட்டால் பிரச்சினை குறையும்.

சுவரடியில் உப்புப் பூத்திருந்தால் எந்த நிறமும் நிற்காது, முதலில் ஈரம் வரும் வழியை அடையுங்கள். கச்சான் காற்று கொண்டுவரும் மணலையும் தூசியையும் துடைக்க வேண்டியிருப்பதால், கழுவக்கூடிய, லேசான மினுக்கமுள்ள பெயின்டாக எடுங்கள்.

வாங்கும்போது எல்லா வாளியிலும் ஒரே தொகுதி எண்ணா என்று பாருங்கள். வேறுவேறாக இருந்தால் ஒரு சுவரின் நடுவில் வாளி மாற்றாமல், மூலையில் மாற்றச் சொல்லுங்கள்.