பழைய கேரவன் வாங்கலாமா? தகட்டுக்குள் இருக்கும் மரத்தைப் பாருங்கள்

கேள்வி: 1970களில் செய்த கேரவன் (காரால் இழுக்கும் வீட்டு வண்டி) ஒன்று மலிவாக வருகிறது. வெளியே அலுமினியத் தகடு, துரு எங்கும் இல்லை. உள்ளே புது பெயின்ட், புது மெத்தை. காரில் இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. நம்பி வாங்கலாமா? அல்லது சொந்த இன்ஜினில் ஓடும் வீட்டு வண்டியான மோட்டார்ஹோம், பழையதே என்றாலும், மேலா?

பதில்: துரு இல்லை என்பதால் மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். அந்த வயதுடைய பெரும்பாலான கேரவன்கள் தகடு போர்த்திய மரவீடுகள். அவற்றை அழிப்பது ஈரம்.

மரம் எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நாடோடி மக்களும் சர்க்கஸ்காரர்களும் சக்கர வீடுகளில் முன்பே வாழ்ந்தார்கள். உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு வண்டியைச் செய்யச் சொன்னவர் பிரிட்டனின் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ‘வாண்டரர்’ என்ற அந்த வண்டியில் அவர் 1885இல் பயணம் போனார். பிரிஸ்டல் நகரின் வண்டிப் பட்டறை ஒன்று மஹோகனி மரத்தில் இழைத்த அதை இரண்டு குதிரைகள் இழுத்தன. 1919இல் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கும் கேரவன்களைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. குதிரை போய் கார் வந்தது. தச்சு வேலை அப்படியே தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்துவது பரவலானது. உங்களுக்கு வரும் வண்டியும் அநேகமாக அந்த வம்சம்தான்.

விலகிப் போன கிளைகளும் உண்டு. விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி போலஸ், 1934இல் விமான உடல் போலவே தகடுகளை ரிவெட் அடித்து ஒரு கேரவன் செய்தார். 1936இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரும் அதே வழி. சுவர் தப்பித்தாலும், இந்த வகையில் ஒட்டுப்பலகைத் தரை உளுத்துப்போகும். 1968இல் கனடாவில் வந்த ‘போலர்’ என்ற கேரவன், கண்ணாடியிழையில் (ஃபைபர்கிளாஸ்) வார்த்த இரண்டு பாதிகளை ஒன்றாகச் சேர்த்தது. மூட்டுகள் குறைவு, நீர் புகும் வழியும் குறைவு. பழைய வண்டிதான் வேண்டும் என்றால் நான் முதலில் தேடுவது இந்த வகையைத்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, ஜன்னல் ஓரம், விளக்கு பொருத்திய இடம் இவற்றில் நீர் புகாமல் பூசிய மூடுபசை காய்ந்து வெடிக்கும். நீர் அங்கே புகுந்து மூலைகளில் இறங்கும். ஆகவே உள்ளே அலமாரிகளைத் திறந்து மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் சட்டம் போய்விட்டது. வாசலருகே தரை துள்ளுகிறதா என்று மிதித்துப் பாருங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று கையில் இருக்கட்டும்: 15 சதவீதத்துக்குள் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் நீர் புகுகிறது, 30க்கு மேல் என்றால் மரம் பழுதாகியிருக்கும். நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் உறுத்துவது அந்தப் புது பெயின்ட்தான். கறையை மறைக்க அதைவிட எளிய வழி கிடையாது.

எரிவாயுவில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதையும் கவனியுங்கள். சூட்டைக் கொண்டே குளிரூட்டும் இந்த முறை 1922இல் ஸ்வீடனில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டது. அசையும் பாகமே இல்லை, எத்தனை அழகான யோசனை! ஆனால் வண்டி சமதளத்தில் நிற்காவிட்டால் பழைய பெட்டி சரியாகக் குளிராது. அம்மோனியா வாடையோ, பின்புறம் மஞ்சள் நிறத் தூளோ இருந்தால் கசிகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டு வண்டியின் கதவைத் திறந்து வையுங்கள்.

மோட்டார்ஹோமில் நிலைமை வேறு. ஃபோக்ஸ்வாகன் 1950இல் கொண்டுவந்த வேனுக்குள் வெஸ்ட்ஃபாலியா 1951 முதல் படுக்கையும் அலமாரியும் பொருத்தியது. அந்த வழியில் வந்தவற்றுக்கு உடல் இரும்பு, எதிரி துரு. அப்புறம் இன்ஜின், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாமே உங்கள் பொறுப்பு. ஏற்கெனவே நல்ல கார் இருக்கிறது என்றால் கேரவனே சிக்கனம்.

வாங்கினால், இழுப்பதற்கு முன் டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தையது, அன்றே கழற்றுங்கள். கனமான சாமான்களைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். பின்கோடியில் அடுக்கினால் வேகமெடுக்கும்போது கேரவன் பாம்பாக நெளியும். கேரவனைக் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் பாரம் கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்கட்டும், காருக்கும் கொக்கிக்கும் குறித்த உச்ச வரம்பைத் தாண்டாமல். ஓட்டும்போது நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள்.