குறுக்குக்கோடு நகர்கிறது: ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் விளையில், 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் அட்டை வைத்துச் சுட்டுப் பழக .177 ஏர் ரைபிள் வைத்திருக்கிறேன். அதற்காக 3-9×40 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மி.மீ. முன் லென்ஸ்) ஒன்றை இணையத்தில் வாங்கினேன். துப்பாக்கியை அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் சற்று நகர்த்தினால், குறுக்குக்கோடு அட்டையின் மேல் இடம் மாறுகிறது. லென்ஸ் கழன்றிருக்கும் என்று திருப்பித் தரக் கேட்டேன். ‘பொருளில் பழுது இல்லை’ என்று விற்பனையாளர் மறுத்துவிட்டார். விளம்பரத்தில் ‘ஏர் ரைபிளுக்கு ஏற்றது’ என்று இருந்தது. பெட்டிக்குள் இருந்த தாளிலோ ‘பேரலாக்ஸ் 100 யார்டு’ என்று இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: விற்பனையாளர் சொன்னது பாதி சரி. லென்ஸ் கழன்றிருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் பார்த்தது பள்ளிப் பாடத்தில் ‘இடமாறு தோற்றப் பிழை’ என்று படித்ததைத்தான்; தாளில் உள்ள ‘பேரலாக்ஸ்’ என்பதும் அதுவே. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு வீட்டு ஜன்னல் கம்பி வழியாகக் காற்றாலையைப் பார்த்தால், தலையை அரை அடி நகர்த்தியதும் காற்றாலை கம்பியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடும்; கம்பி அருகிலும் காற்றாலை தொலைவிலும் இருப்பதே காரணம். அதே காற்றாலையின் படம் அச்சடித்த நாள்காட்டியில் பேனாவால் கோடு போட்டால், தலையை எப்படி ஆட்டினாலும் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஸ்கோப்பின் முன் லென்ஸ், இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் உருவாக்குகிறது. உங்கள் ஸ்கோப்பில் 100 யார்டு, அதாவது ஏறத்தாழ 91 மீட்டர் தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் மட்டுமே குறுக்குக்கோடு இருக்கும் தளத்தில் சரியாக விழும். அப்போது அது நாள்காட்டி. இலக்கு 10 மீட்டருக்கு வந்துவிட்டால் பிம்பம் அத்தளத்தைவிட்டு விலகி விழும். அப்போது அது ஜன்னல் கம்பி. பிழையின் உச்ச அளவை நீங்களே கணக்கிடலாம்: முன் லென்ஸின் விட்டத்தில் பாதியை, இலக்கின் தொலைவுக்கும் ஸ்கோப் அமைக்கப்பட்ட தொலைவுக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, ஸ்கோப் அமைக்கப்பட்ட தொலைவால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. லென்ஸுக்கு 10 மீட்டரில் அது சுமார் 18 மி.மீ. வருகிறது. பெல்லட்டின் (ஏர் ரைபிள் குண்டின்) விட்டமே 4.5 மி.மீ. என்பதால், கண் ஓரத்துக்குப் போய்விட்டால் நான்கு பெல்லட் அகலம் தவறலாம் என்று பொருள். கண் எப்போதும் நடுவில் இருந்தால் பிழை இல்லை.

ஆகவே, ‘பழுதான பொருள்’ என்று வாதாடினால் உங்கள் பக்கம் நிற்காது; ‘விளம்பரத்துக்கு ஒவ்வாத பொருள்’ என்று கேளுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், ஏனெனில் நாளை அந்த வாசகம் மாறியிருக்கலாம். முதலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன்பின் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை; 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

பணம் திரும்பக் கிடைத்தால், முன் லென்ஸ் வளையத்திலோ இடப்பக்கச் சக்கரத்திலோ பேரலாக்ஸைத் திருத்தக்கூடிய, 10 யார்டு வரை இறங்கும் ஸ்கோப்பை வாங்குங்கள். உங்களுடையது ஸ்பிரிங் துப்பாக்கி என்றால், ‘ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு’ என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வகைத் துப்பாக்கி பின்னோக்கி மட்டுமன்றி முன்னோக்கியும் உதைப்பதால், பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்பும் அதில் உடைந்துபோவது உண்டு. கிடைக்காவிட்டால், இருப்பதையே பயன்படுத்தலாம்: வட்டத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்பு வளையம் தெரியும் அளவுக்குத் தலையைச் சற்றுப் பின்னிழுத்து, வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்கும்போது மட்டும் சுடுங்கள். முன் லென்ஸைத் திருகித் தொலைவை மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே நிரப்பிய நைட்ரஜனும் உத்தரவாதமும் ஒன்றாகப் போய்விடும்.

கேள்வி: தக்கலையிலிருந்து. என் ஸ்கோப்பில் பக்கச் சக்கரம் இருக்கிறது. 25 என்ற எண்ணில் வைத்தால் 25 மீட்டரில் பிழை போகவில்லை. சக்கரம் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த எண் யார்டாக இருக்கலாம். 25 மீட்டர் என்பது 27 யார்டுக்குச் சற்று மேல். அதற்கும் முன்னால், கண்பக்க வளையத்தைச் சரிசெய்தீர்களா? அது பேரலாக்ஸுக்கானது அன்று, உங்கள் கண்ணுக்குக் குறுக்குக்கோட்டைக் கூர்மையாக்குவதற்கானது. அதைச் செய்யாமல் சக்கரத்தைத் திருப்பினால், படம் தெளிவாகும் இடமும் பிழை மறையும் இடமும் வெவ்வேறாக இருக்கும். பெல்லட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வெள்ளைச் சுவரை நோக்கி ஓரிரு நொடி மட்டும் பார்த்து வளையத்தைத் திருத்துங்கள். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் தானாகவே ஈடுகட்டி ஏமாற்றிவிடும்.

பிறகு துப்பாக்கியை மணல் மூட்டையில் கிடத்தி, அட்டையின் நடுவில் பொருத்தி, கையை எடுத்துவிட்டுத் தலையை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். கோடு அசையாத இடம் வரும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். படத்தின் தெளிவை நம்பாதீர்கள், அசைவை நம்புங்கள். கிடைத்த இடத்தில் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் 25 என்று குறியுங்கள். என் ஸ்கோப்பில் இப்படி நான்கு குறிகள் உள்ளன, அவற்றில் ஒன்றுகூட ஆலை எண்ணோடு ஒத்துவரவில்லை. சக்கரத்தின் பல்லில் சிறு தளர்வு இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் தொலைவுப் பக்கத்திலிருந்தே திருப்பிக்கொண்டு வந்து குறியில் நிறுத்துங்கள்.