மளிகைக்கு எவ்வளவு ஆகும்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதானே? அடுத்த மாசம் மனைவி, குழந்தையோட வெளிநாட்டுக்குக் கிளம்புறீங்க, விலைவாசி எகிறிடுச்சுன்னு ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க, மூணு பேருக்கு மாசம் மளிகைக்கு எவ்வளவு ஒதுக்கணும், விலை எப்ப இறங்கும், கார் உடனே வாங்கணுமா, ஸ்கூல் எப்படி. காரையும் ஸ்கூலையும் விடுங்க, அதுக்கு பதில் சொல்ல நூறு பேர் வருவாங்க, அதுலயும் கார் பத்திப் பேசறதுன்னா நம்ம ஆம்பளைங்களுக்கு சோறே வேணாம். நான் மளிகையை மட்டும் சொல்றேன். எந்த நாட்டுக்குப் போறீங்கன்னு நீங்க சொல்லல, நானும் கேக்கப்போறதில்ல. இருபத்திரெண்டு வருஷத்துல மூணு நாட்டுல குடும்பம் நடத்தியாச்சு, பேரைச் சொன்னா உடனே அந்த நாடு உசத்தி இந்த நாடு மட்டம்னு பேச்சு வேற பக்கம் போயிடும். மூணுலயும் பணம் போன வழி ஒண்ணுதான்.

மளிகைக்கு எவ்வளவுன்னு கேக்கறீங்க பாருங்க, அந்தக் கேள்வி கடைசியா கேக்க வேண்டியது. வாடகை, கரண்ட், போன், பஸ் பாஸ், ஊருக்கு அனுப்பற பணம், இதெல்லாம் ஒண்ணாந்தேதி ஆனா வாயைத் தொறந்துட்டு நிக்கும். வீட்டு ஓனர்கிட்ட பாதி வாடகை இப்ப வெச்சுக்கோங்க மீதி அடுத்த மாசம்னு சொல்ல முடியுமா? ஆனா ட்ராலில போட்டதை எடுத்து திரும்ப அலமாரில வெக்கலாம், யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டாங்க. அதனால எது ஏறினாலும் அடி விழறது அடுப்படி மேலதான். வாடகை ஏறினா காய்கறி குறையும், கரண்ட் ஏறினா பால் குறையும், வெளிய பாக்க வீடு அப்படியேதான் இருக்கும். மத்ததெல்லாம் தின்னது போக மிச்சம் இருக்கறதுக்குத்தான் நம்ம வீடுகள்ல மளிகை பட்ஜெட்னு பேரு. ஆகவே உங்க மளிகைச் செலவு முடிவாகறது நீங்க வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து போடற அன்னைக்கு. ஒரு ரூம் கூட இருந்தா நல்லாருக்குமேன்னு தோணும்போது அந்த ரூமுக்கு மாசாமாசம் யார் சாப்பாட்டுலேருந்து போகுதுன்னு ஒரு தடவை யோசிங்க.

எர்ன்ஸ்ட் எங்கல்னு ஒரு ஜெர்மன் புள்ளிவிவரக்காரர், 1857ல பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களோட வரவு செலவை எல்லாம் பாத்துட்டு, வருமானம் குறையக் குறைய அதுல சாப்பாட்டுக்குப் போற பங்கு பெருசாகும்னு எழுதினார். பொண்ணு காலேஜ்ல படிச்சிட்டு வந்து சொன்னா. எனக்கு சிரிப்பு வந்துச்சு. வந்த புதுசுல எங்க வீட்டுல நடந்தது தலைகீழ். வருமானம் கொஞ்சம்தான், அதுல வாடகை தின்னு தின்னு சாப்பாட்டுப் பங்கும் சின்னதாச்சு, சாப்பாடும் சின்னதாச்சு.

எங்க வீட்டுக்காரர் விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே எக்செல் போட்டு வெச்சிருந்தார். உணவுன்னு ஒரு வரிசை, அதுல ஒரு தொகை, அது அவரோட நண்பர் சொன்னது, அந்த நண்பர் அந்த நாட்டை விட்டு வந்தே ஆறு வருஷம். அதுவும் கல்யாணம் ஆகாத ஆளு, நாலு பேர் சேர்ந்து சமைச்சவர். அந்தத் தொகைதான் எங்களுக்கு வேதம். முதல் மாசம் பதினொண்ணாந்தேதியே வரிசை சிவப்பாயிடுச்சு. நான் ஊதாரின்னு ஒரு பார்வை வேற. ஆனா யோசிச்சுப் பாருங்க, காலி வீட்டுக்குள்ள நுழையறோம், உப்புலேருந்து எண்ணெய்லேருந்து எல்லாம் முதல்லேருந்து வாங்கணும், அதோட துணி சோப்பு, குப்பைப் பை, பக்கெட், விளக்குமாறு, கத்தி, பல்பு, எல்லாம் ஒரே கடையில ஒரே பில்லுல வரும். முதல் மாச பில்லைப் பாத்து பயப்படாதீங்க, அது மாச பில்லே கிடையாது, குடியேற்ற பில். அதுக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டு வாங்க. மூணாவது மாசத்துலதான் உங்க வீட்டு உண்மையான கணக்கு தெரியும்.

நான் என்ன பண்ணேன்னா வரிசையைக் காப்பாத்தினேன். அவருக்கு வேலைக்குப் போகணும், குழந்தைக்கு நாலு வயசு, அவங்களுக்கு வெச்சுட்டு நான் நின்னுட்டே ஏதாவது சாப்பிடுவேன், கேட்டா அப்பவே சாப்பிட்டேன்னு சொல்லுவேன். நாலு மாசம். குளியலறை ஓட்டையில முடி கொத்துக் கொத்தா அடைச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது. ரத்தத்துல இரும்புச்சத்து இல்லன்னாங்க, மாத்திரைக்கும் டாக்டருக்கும் போனது நான் நாலு மாசமா மிச்சம் பிடிச்சதை விட ஜாஸ்தி. அவருக்குத் தெரியவே தெரியாது, அவர் தட்டு நிறைஞ்சுதானே இருந்துச்சு. தம்பி, உங்க மனைவி அப்பவே சாப்பிட்டேன்னு சொன்னா ஒரு தடவை பாத்திரத்தை எட்டிப் பாருங்க. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்னு வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, பெருக்கிப் பாக்கற வியாதி. வந்த புதுசுல எல்லாருக்கும் இருக்கும். ஒரு முட்டை டப்பாவை எடுப்போம், மனசுக்குள்ள ஊர்ப் பணத்துல பெருக்குவோம், அய்யோன்னு கீழ வெச்சுடுவோம். அதே ஆளு அன்னைக்கு ராத்திரி சம்பளத்தையும் ஊர்ப் பணத்துல பெருக்கிப் பாத்து, ஊர்ல யாருக்காவது பெரிய தொகையா தர்றேன்னு வாக்கு குடுத்துடுவாரு. முட்டையில மிச்சம் பிடிச்சு வாக்குல விட்ட குடும்பம் எத்தனையோ பாத்துட்டேன். பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்ற சம்பளத்தை வேலை பாக்கற மணி நேரத்தால வகுத்துக்கோங்க. ஒரு பொருளை எடுத்தா இது எனக்கு எத்தனை நிமிஷ வேலைன்னு பாருங்க. அந்தக் கணக்குல முட்டை மலிவா இருக்கும், வெளிய வாங்கற டீயும் சாண்ட்விச்சும்தான் கண்ணைக் குத்தும். ஊருக்கு அனுப்பறதை நிறுத்தச் சொல்லல, நாங்களும் அனுப்பினோம், முதல் ஆறு மாசம் எவ்வளவுன்னு யாருக்கும் வாக்கு மட்டும் குடுக்காதீங்க. அது இல்லாம, மாசக் கடைசியில மளிகையை கிரெடிட் கார்டுல போட்டுட்டு குறைஞ்சபட்சத் தொகையை மட்டும் கட்டற பழக்கம் வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை, போன மாசம் சாப்பிட்டு செரிச்ச சோத்துக்கு இந்த மாசம் வட்டி கட்டிட்டு இருப்பீங்க.

விலை எப்ப இறங்கும்னு கேட்டிருந்தீங்க. இறங்காது. 100க்கு வித்தது 10 சதவீதம் ஏறி 110 ஆச்சு, அடுத்த வருஷம் டிவில பணவீக்கம் 3 சதவீதமா குறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷமா சொல்லுவாங்க, அந்தப் பொருள் 113.30க்கு விக்கும். குறைஞ்சது ஏறுற வேகம்தானே. 2022 மார்ச்ல ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு உலகச் சந்தை விலையை வெச்சுப் போடற உணவு விலைக் குறியீடு, 1990லேருந்து அதுவரைக்கும் தொடாத உச்சத்தைத் தொட்டுச்சு, உக்ரைன் சண்டையில சூரியகாந்தி எண்ணெயும் கோதுமையும் மாட்டிக்கிச்சுல்ல. அப்புறம் அந்தக் குறியீடு நல்லாவே இறங்குச்சு, என் பில் இறங்கல. கடை விலைக்குள்ள கரண்ட், லாரி, ஆள் சம்பளம், கடை வாடகை எல்லாம் இருக்கு, அதெல்லாம் ஏறினா ஏறினதுதான்.

விலையை ஏத்தாம ஏத்தற வித்தையும் இருக்கு. 500 கிராம் பாக்கெட் ஒரு நாள் 450 ஆகும், அதே அட்டை, அதே படம், அதே விலை, நீங்க 11 சதவீதம் கூடக் குடுத்துட்டு வந்திருப்பீங்க. அதனால அலமாரிச் சீட்டுல பெருசா போட்டிருக்கற விலையை விட்டுட்டு மூலையில எறும்பு மாதிரி கிலோவுக்கு எவ்வளவுன்னு இருக்கும் பாருங்க, அதைப் படிங்க. பெரிய பாக்கெட் மலிவுன்னு நினைச்சா சில சமயம் சின்னதே மலிவா இருக்கும். நம்ம கண்ணுக்கு நேரா இருக்கறதை விட குனிஞ்சு எடுக்கறது விலை கம்மியா இருக்கும், கடையோட சொந்த பிராண்டு அங்கதான் கிடக்கும். அப்புறம் ட்ராலி எடுக்காதீங்க, கூடை எடுங்க. அமெரிக்காவுல ஓக்லஹோமாவுல கடை வெச்சிருந்த சில்வன் கோல்ட்மேன்ங்கறவர் 1937ல அந்த வண்டியைக் கொண்டு வந்ததே, கூடை கனத்ததும் ஜனங்க வாங்கறதை நிறுத்திடறாங்கன்னு பாத்துட்டுத்தான். கை வலிச்சா வாங்கினது போதும்னு அர்த்தம். தேதி போட்டிருக்கறதுலயும் ரெண்டு வகை உண்டு, இந்தத் தேதிக்குள்ள சாப்பிட்டே ஆகணும்ங்கறது ஒண்ணு, இதுவரைக்கும் ருசி நல்லாருக்கும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு பயந்து தூக்கிப் போடாதீங்க, முதலாவதோட விளையாடாதீங்க.

ஆஃபர் ஆஃபர்னு அலையற கூட்டத்துல மட்டும் சேந்துடாதீங்க. எண்ணெய்க்கு ஒரு கடை, சோப்புக்கு ஒரு கடைன்னு சனிக்கிழமை பூரா நாலு கடைக்கு வண்டி ஓட்டி, பெட்ரோல் போட்டு, வழியில பசிக்குதுன்னு வெளிய சாப்பிட்டு, கடைசில எண்ணெய்ல எவ்வளவு மிச்சம்னு குரூப்ல போட்டோ போடுவாங்க. அப்புறம் எங்களை மாதிரி பழைய ஆளுங்க, நாங்க வந்தப்ப இதுல பாதியிலயே குடும்பம் நடத்தினோம்னு பெருமை பேசுவோம். நம்பாதீங்க. அந்தப் பாதியில யார் நின்னுட்டே சாப்பிட்டாங்கன்னு சொல்ல மாட்டோம்.

எனக்கு இன்னும் மறக்காதது ஒண்ணு இருக்கு. வந்து ரெண்டாவது மாசம், கையில இருந்த நோட்டை எண்ணி எடுத்துட்டுப் போனேன். ஒவ்வொண்ணா எடுக்கும்போதே மனசுல கூட்டிட்டேதான் வந்தேன், கணக்கு சரியா இருந்துச்சு. கவுன்ட்டர்ல கூடுதலா வந்து நிக்குது. நான் கூட்டினது எல்லாம் மஞ்சள் சீட்டுல இருந்த விலை, அது கடையோட உறுப்பினர் கார்டு இருந்தாத்தான் செல்லுமாம், அடியில சின்னதா எழுதியிருந்திருக்கு. ரெண்டு பொருளை எடுத்துடுங்கன்னேன். பில்லுல ஏறினதை எடுக்கறதுக்கு அந்தப் பொண்ணுக்கு அதிகாரம் இல்லையாம், தலைக்கு மேல இருந்த விளக்கைப் போட்டுச்சு, அது கண்ணு சிமிட்ட ஆரம்பிச்சுது, சாவி வெச்சிருக்கற மேனேஜர் எங்கயோ கடைக் கோடியிலேருந்து நடந்து வர்றார். எனக்குப் பின்னாடி ஏழெட்டு பேர். அந்த விளக்கு சிமிட்டிட்டே இருக்கு. என் பொண்ணு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, இதுவா அம்மான்னு கேட்டா. அதுவும் இன்னொண்ணும்தான்.

வரிசையில மூணாவதா நின்னவர் நம்மாளு. முந்தின வாரம்தான் எங்க வீட்டுல உக்காந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிட்டுப் போனார். என்னைப் பாத்தார், பாத்துட்டு டக்குனு திரும்பி அங்க தொங்கின பேட்டரி பாக்கெட்டை எடுத்து பின்பக்கம் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பிச்சுட்டார். ரொம்ப நாள் எனக்கு அவர் மேல கோவம், நம்ம ஜனமே இப்படித்தான்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். இப்ப என்ன தோணுதுன்னா, அந்த வரிசையில என்னை வேடிக்கை பாக்காத ஒரே ஆள் அவர்தான். அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் அதைப் பத்தி அவர் பேசினதே இல்ல, யார்கிட்டயும் சொன்ன மாதிரியும் தெரியல.

அந்தக் கார்டு இலவசம்தான், அன்னைக்கே ரெண்டு நிமிஷத்துல குடுத்திருப்பாங்க, எனக்குக் கேக்கத் தெரியல. நீங்க போன முதல் நாளே வாங்கிடுங்க.

எங்க வீட்டுக்காரரோட எக்செல் இன்னும் ஓடுது. மூணாவது நாட்டுக்கு மாறினப்ப ஏதோ ரசீது தேடறதுக்காக அதைத் தொறந்தேன். முன்னாடி எல்லாம் உணவு வரிசை பதினொண்ணாவது இடத்துல, இன்சூரன்சுக்கும் கீழ கிடக்கும். இப்ப அது ரெண்டாவதுல, வாடகைக்கு அடுத்து இருந்துச்சு. எப்ப மாத்தினார்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.