6061-டி6 அலுமினியத் தகட்டை வளைத்தால் ஏன் விரிசல் விடுகிறது?

அலுமினியம் மென்மையான உலோகம்தானே, இந்தத் தகடு மட்டும் ஏன் மடிப்பில் வெடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்மையானது சுத்தமான அலுமினியம். 6061-இல் மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்திருக்கின்றன. ஆனாலும் உங்கள் தலைவலிக்குக் காரணம் பெயரின் வாலில் இருக்கும் 'டி6'. கலவையைச் சுமார் 530 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, அப்புறம் 160-180 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். அப்போது உள்ளே மிக நுண்ணிய துகள்கள் உருவாகி, அணு அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கின்றன. வழுக்காமல் உலோகம் எப்படி வளையும்?

இழுவிசைச் சோதனையில் இது பளிச்சென்று தெரியும். மென்மையாக்கிய 'ஓ' நிலையில் சுமார் 55 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். டி6 சுமார் 275 வரை தாங்கும். அந்த வலிமைக்கு விலை, வளையும் தன்மை.

இந்த வித்தை பாதி தற்செயலாகக் கிடைத்தது. 1900-களில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், சூடாக்கிக் குளிரவைத்த அலுமினியம்-செம்புக் கலவையைச் சில நாள் கழித்து மறுபடி சோதித்தார். சும்மா கிடந்ததே இறுகியிருந்தது! அதுதான் டூரலுமின். விமானத் தொழிலில் இந்த வகை ரிவெட்டுகள் சிலவற்றை அடிக்கும் வரை ஃப்ரீசரில் வைப்பது இதனால்தான்; குளிரில் இறுகுவது மெதுவாகும்.

சரி, உங்கள் தகட்டுக்கு வருவோம். டி4 நிலையில், அதாவது சூடாக்கிக் குளிரவைத்து, ஆனால் உலையில் இன்னும் இறுகவைக்காத நிலையில் வாங்கி, வளைத்துவிட்டு, பிறகு உலையில் இறுகவையுங்கள். மடிப்புக் கோடு தகட்டை உருட்டிய திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். அவ்வளவு வலிமை தேவையில்லை என்றால் எளிதில் வளையும் 5052 என்ற அலுமினியக் கலவையை வாங்கிவிடுங்கள், தொல்லை குறைவு.